ஐந்து டிக்கெட், ஒரே விலை: ஒரு தீம் பார்க் நாளின் கணக்கு

காலை 10 மணிக்கு வாசல் திறந்தது. 10:20க்கு என் மகன் அழ ஆரம்பித்துவிட்டான்.

பெரிய ரோலர் கோஸ்டருக்கு முன்னால் ஓர் அளவுகோல் நட்டிருந்தார்கள். அதில் 112 செ.மீ. என்று போட்டிருந்த கோட்டுக்குக் கீழேயே அவன் தலை நின்றுவிட்டது. ஷூவோடு அளந்தும் 109தான். அங்கிருந்த ஊழியர் குனிந்து, அவன் முகத்தைப் பார்த்தே பொறுமையாகச் சொன்னார்: "அடுத்த வருஷம் வா தம்பி, இது எங்கேயும் போயிடாது." ஐந்து வயதுக்காரனுக்கு அடுத்த வருஷம் என்பது ஒரு பதிலே இல்லை. அன்று முழுக்க நான்கு அளவுகோல்கள் அவனைத் திருப்பி அனுப்பின.

அந்த நாளைப் பற்றி எங்கள் வீட்டில் இன்னும் இரண்டு கட்சி இருக்கிறது. "அவ்வளவு காசைக் கொடுத்து வரிசையில நின்னுட்டு வந்தோம்" என்பார் கணவர். "மறுபடி எப்போ?" என்பாள் மகள். நான் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. பல மாதம் சேர்த்து வைத்த பணம் எதற்குப் போகிறது என்று தெரிந்தாக வேண்டும் என்பதால், வரிசையில் சேர்ந்த நேரம், ஏறிய நேரம், இறங்கிய நேரம் எல்லாவற்றையும் அன்றே கைபேசியில் குறித்துக்கொண்டு வந்தேன். கணவரும் மகளும் தனியாகப் போன இடங்களுக்கு அவர்கள் குறித்தார்கள். அந்தக் குறிப்புகளையும், ஆறு மாதம் கழித்து ஒவ்வொருவரையும் தனித்தனியே கேட்டதையும் வைத்து இதை எழுதுகிறேன்.

போனது ஐந்து பேர்: நான், கணவர், 11 வயது மகள், 5 வயது மகன், என் அம்மா. பூங்காவில் இருந்தது காலை 10 முதல் இரவு 8 வரை, 600 நிமிடம்.

பணம் எங்கே போனது

மொத்தச் செலவை 100 என்று வைத்துக்கொள்கிறேன். எந்த ஊர்ப் பணமாக இருந்தாலும் விகிதம் புரியும். நுழைவு டிக்கெட் 45. பயணமும் வண்டி நிறுத்தமும் 18. சாப்பாடு, தண்ணீர் 16. வரிசையைத் தாண்டிப் போகும் விரைவுச் சீட்டு கணவருக்கும் மகளுக்கும் மட்டும் வாங்கினோம், அது 12. பொம்மையும் புகைப்படமும் 9. பொம்மை ஒரு வாரத்தில் உடைந்தது. புகைப்படம் இருக்கிறது. இந்த 9ஐப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

ஐந்து பேருக்கும் டிக்கெட் ஒரே விலை, தலைக்கு 9. நான்கு ரைடுகளுக்கு அனுமதியில்லாத மகனுக்கும் 9, முழங்கால் வலியோடு வந்த அம்மாவுக்கும் 9, எல்லாவற்றிலும் ஏறக்கூடிய மகளுக்கும் 9.

மகளின் 600 நிமிடம் இப்படிப் போயிருக்கிறது. வரிசையில் 262. நடையில் 85. சாப்பாடு, கழிப்பறை, உட்கார்ந்தது 95. மற்றவர்களுக்காகக் காத்திருந்தது 65. மேடை நிகழ்ச்சியும் ஒளிக்காட்சியும் 55. ரைடுகளுக்குள் இருந்தது 38 நிமிடம். பத்து மணி நேரத்தில் 38 நிமிடம் என்று முதன்முதலில் கூட்டிப் பார்த்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. கணவரின் கட்சிக்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

ஆனால் எண்ணிக்கையைப் பார்த்ததும் நான் எதிர்பார்த்தது தலைகீழானது. மகள் 11 முறை ஏறினாள். கணவரோடு எட்டு, என்னோடு ஒன்று, ஒற்றை இருக்கை காலியானால் நிரப்புவதற்காக வைத்திருக்கும் தனியாள் வரிசையில் இரண்டு. கணவர் 8. நான் 5. அம்மா 4. மகனோ 7. டிக்கெட்டையும் விரைவுச் சீட்டையும் சேர்த்து வகுத்தால், மகளின் ஒரு ரைடுக்கு 1.36 விழுகிறது, மகனுக்கு 1.29. காசு வீணானது மகன் விஷயத்தில்தான் என்று ஆறு மாதமாக நான் நம்பிக்கொண்டிருந்தேன். வீட்டிலேயே மலிவாக ஏறியவன் அவன்தான். சின்ன ரயிலில் மூன்று முறை, குதிரை ராட்டினத்தில் இரண்டு முறை, சுற்றிப் பறக்கும் பெட்டியில் ஒன்று, எல்லோரோடும் படகில் ஒன்று. சின்னப் பிள்ளைகளின் ரைடுகளில் காலை நேரத்தில் வரிசையே இல்லை. நான்கு அழுகைகள் அந்த ஏழையும் என் நினைவிலிருந்து துடைத்துவிட்டிருந்தன.

அம்மாவின் ஒரு ரைடுக்கு 2.25. அதிலும் மூன்று, பேரனோடு போன அதே ரயில். முதல் சுற்று முடிந்து இறங்கியதும், "மறுபடி ஏறினா தனியாக் காசு கேப்பாங்களாம்மா?" என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டார். இல்லை என்றதும் அவர் முகத்தில் வந்த நிம்மதியை நான் குறித்து வைத்திருக்கிறேன். ஒரே விலை முறையின் உண்மையான நன்மை அதுதான். ஒவ்வொரு தடவையும் பையைத் திறக்க வேண்டியதில்லை, பிள்ளை "இன்னொரு தடவை" என்றால் யோசிக்க வேண்டியதில்லை.

ஒரே விலை எப்படி வந்தது

எப்போதும் இப்படி இருந்ததில்லை. கலிஃபோர்னியாவில் டிஸ்னிலேண்ட் 1955 ஜூலை 17 அன்று திறந்தபோது உள்ளே போகப் பெரியவர்களுக்கு 1 டாலர்தான். ரைடுகளுக்குத் தனித்தனியே கொடுக்க வேண்டும். அந்த வருடமே சீட்டுப் புத்தகம் வந்தது. சாதாரண வண்டிச் சவாரிகளுக்கு ஏ சீட்டு, அதற்கு மேல் பி, சி. 1959இல் மேட்டர்ஹார்ன் போன்ற பெரிய ரைடுகள் வந்தபோது ஈ சீட்டு சேர்ந்தது. அந்த முறையில் என் அம்மா போயிருந்தால் நுழைவுக்கும் நான்கு எளிய சவாரிகளுக்கும் மட்டும் கொடுத்திருப்பார். 1961இல் டெக்சாஸில் திறந்த சிக்ஸ் ஃபிளாக்ஸ் பூங்கா, ஒரு விலை கொடுத்தால் எல்லாமே என்ற வழியை எடுத்தது. டிஸ்னிலேண்ட் 1982இல் சீட்டுப் புத்தகத்தைக் கைவிட்டது.

நுழைவுக்கு எவ்வளவு, சவாரிக்கு எவ்வளவு என்று விலையை இரண்டாகப் பிரிக்கும் கேள்வியைப் பற்றி வால்டர் ஓய் என்ற பொருளியலாளர் 1971இல் எழுதிய கட்டுரை, டிஸ்னிலேண்டைத் தலைப்பிலேயே வைத்தது. வருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே ஆசை என்றால் சவாரியை மலிவாக்கிவிட்டு, வாங்க வேண்டியதை வாசலிலேயே வாங்கிவிடலாம். ஆசைகள் வேறு வேறு என்றால், வாசல் விலை ஏற ஏறக் கொஞ்சமாக அனுபவிக்கிறவர்கள் வராமல் நின்றுவிடுவார்கள். பூங்காவுக்கு அது நட்டம்.

இங்கே நான் ஒன்றைச் சேர்க்க வேண்டும். குடும்பத்தில் கொஞ்சமாக அனுபவிக்கிறவர் வராமல் நிற்பதில்லை. பாட்டியை வீட்டில் விட்டுவிட்டுப் போக மனம் வராது, ஐந்து வயதுப் பிள்ளையை விடவே முடியாது. குடும்பம் ஒரே மூட்டையாக வருகிறது. அதிகம் ஏறுகிற ஒருவருக்காகப் போடப்பட்ட விலையை எல்லோரும் கொடுக்கிறோம். வயது கலந்த குடும்பத்துக்குத் தீம் பார்க் அதிக விலையாகத் தெரிவதற்கு இதுவே முதல் காரணம் என்பது என் முடிவு.

பழைய வழி முழுக்கச் செத்துவிடவில்லை. டென்மார்க்கில் 1843 முதல் இருக்கும் டிவோலி பூங்காவில் இன்றும் நுழைவு தனி, சவாரி தனி. அதே நாட்டின் பாக்கெனிலும், அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் க்னோபல்ஸிலும் நுழைவு இலவசம், ஏறுவதற்கு மட்டும் காசு. பெரிய பூங்காக்களிலோ அந்த வழி பின்வாசலால் திரும்பி வந்திருக்கிறது. டிஸ்னி 1999இல் தொடங்கிய ஃபாஸ்ட்பாஸ் இலவசம். 2021இல் அதை நிறுத்திவிட்டுக் கட்டண முறையைக் கொண்டுவந்தார்கள். பெரிய ரைடுக்குத் தனிக் காசு என்ற பழைய ஏற்பாடுதான் இது. முன்பு ஒரு டாலர் நுழைவின் மேல் நின்றது, இப்போது முழு விலையின் மேல் நிற்கிறது.

வரிசையின் கணக்கு

விரைவுச் சீட்டுக்குப் போன 12ஐப் பற்றிக் கணவருக்கும் எனக்கும் நேரெதிர் கருத்து. குறிப்புகள் என் பக்கம் பேசுகின்றன. மூன்று பெரிய ரைடுகளில் பொது வரிசைப் பலகை 70, 60, 50 நிமிடம் என்று காட்டியது. அவர்கள் நின்றது 15, 20, 10. மிச்சமானது 135 நிமிடம். பத்து மணி நேர நாளில் இரண்டே கால் மணி நேரம். அந்த நாளில் நாங்கள் செய்த செலவில் போட்டதற்கு நேரடியாகத் திரும்பி வந்தது இது ஒன்றுதான்.

வரிசை ஏன் நீள்கிறது என்பது எளிய கணக்கு. கோஸ்டர் ரயிலில் 24 இருக்கை, 72 விநாடிக்கு ஒரு ரயில் கிளம்புகிறது என்றால் மணிக்கு 50 முறை, 1,200 பேர். உங்களுக்கு முன்னால் 900 பேர் நின்றால் 45 நிமிடம். பாதுகாப்புப் பட்டையை மாட்டுவதில் தாமதமாகி 72 விநாடி 90 ஆனால், மணிக்கு 960 பேர்தான். அதே 900 பேருக்கு 56 நிமிடம் ஆகிவிடும். ஜான் லிட்டில் 1961இல் நிறுவிய வரிசை விதியின் சாரம் இந்த ஒற்றை வகுத்தல்தான்.

கூட்டம் குறைந்த நாளில் போனால் வரிசை குறையும் என்று நம்பிப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியதும் இதில் இருக்கிறது. அப்படிப்பட்ட நாட்களில் பூங்காக்கள் தண்டவாளத்தில் ஓடும் ரயில்களின் எண்ணிக்கையையும் குறைப்பதுண்டு. ஆள் பாதியாகி ரயிலும் பாதியானால் உங்கள் கால் வலியில் ஒரு மாற்றமும் இருக்காது. மலிவான தேதி என்பதை மட்டும் பார்க்காமல், அன்று எந்தெந்த ரைடு மூடியிருக்கும், பூங்கா எத்தனை மணிக்கு அடைப்பார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். தேதிக்குத் தேதி விலை மாறும் முறையை அமெரிக்க டிஸ்னி பூங்காக்கள் 2016இல் கொண்டுவந்தன. இப்போது இது பரவலான வழக்கம்.

இதே வகுத்தல் இன்னொன்றையும் காட்டுகிறது. விரைவு வரிசைக்காரர்கள் பாதி இருக்கைகளை எடுத்துக்கொண்டால் பொது வரிசைக்கு மணிக்கு 600 இடம்தான் மிஞ்சும். 45 நிமிடம் 90 ஆகிறது. நாங்கள் மிச்சம் பிடித்த 135 நிமிடம் ஆகாயத்திலிருந்து வரவில்லை. மகள் அன்று அப்பாவிடம் கேட்டிருக்கிறாள்: "அவங்க நமக்கு முன்னாடியே வந்தாங்களே, நாம ஏன்ப்பா தாண்டிப் போறோம்?" காசு கொடுத்திருப்பதால் என்று அவர் உண்மையைச் சொல்லியிருக்கிறார். அடுத்த இரண்டு முறையும் அவள் தலையைக் குனிந்துகொண்டே அந்த வழியில் நடந்ததாகச் சொன்னார். பணத்துக்கு மதிப்பு என்ற கேள்விக்கு இந்தச் சீட்டு நல்ல பதில்தான். அவள் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. மறுமுறை வாங்குவோமா என்பதை அவளிடமே விட்டிருக்கிறேன்.

காத்திருப்பு எல்லாம் ஒரே கனமும் இல்லை. காத்திருப்பின் உளவியலைப் பற்றி டேவிட் மைஸ்டர் 1985இல் எழுதியது இன்றைக்கும் பொருந்துகிறது: சும்மா நிற்கும் நேரம் நீளமாகத் தெரியும், எப்போது முடியும் என்று தெரியாத காத்திருப்பு இன்னும் நீளும், காரணம் சொல்லாத காத்திருப்பு அதைவிட நீளும். மதியம் 2:10க்கு ஒரு ரைடு பாதியில் நின்றுபோனது. 25 நிமிடம் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. மற்ற வரிசைகளில் நின்றதையெல்லாம் கணவர் மறந்துவிட்டார், அந்த 25ஐ மறக்கவில்லை. "நாள் பூரா வரிசையில நின்னோம்" என்று அவர் சொல்லும்போது அதைத்தான் சொல்கிறார்.

மாலை ஆறு மணி

இந்த நிகழ்வில் உண்மையில் தவறு நடந்த இடம் இது. தவறு என்னுடையது.

5:40க்கு மகளுக்குக் கோஸ்டரில் முதல் இருக்கை கிடைத்தது. இறங்கி வந்தவளுக்குப் பேச்சே வரவில்லை, சிரித்துக்கொண்டே இருந்தாள். அதே நேரம் மகன் என் தோளில் தூங்கி வழிந்தான். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுப் பெஞ்சில் காலை நீட்டியிருந்தார், பாதம் வீங்கியிருந்தது. "போலாமா?" என்று கணவர் கேட்டார். 7:30க்கு ஒளிக்காட்சி இருந்தது. "இவ்வளவு காசு கொடுத்தாச்சு, அதையும் பார்த்துட்டே போலாம்" என்றேன் நான்.

டிக்கெட்டுக்குக் கொடுத்த காசு நாங்கள் 6 மணிக்குக் கிளம்பினாலும் திரும்பாது, 8 மணிக்குக் கிளம்பினாலும் திரும்பாது. ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் ப்ளூமர் இருவரும் 1985இல் வெளியிட்ட ஆய்வில், நாடக அரங்கின் பருவச் சீட்டை முழு விலைக்கு வாங்கியவர்கள், தள்ளுபடியில் வாங்கியவர்களைவிடப் பருவத்தின் முதல் பாதியில் அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். நாடகம் எல்லோருக்கும் அதே நாடகம். கொடுத்த காசுதான் ஆட்களைக் கிளப்பிக் கொண்டுவந்தது. என்னையும் அன்று உட்கார வைத்தது அதுதான். வெடிச் சத்தத்தில் மகன் பயந்து விழித்து அழுதான், வாசல்வரை அழுகை நிற்கவில்லை. ஒரே நேரத்தில் எல்லோரும் வெளியேறியதால் வண்டியை எடுக்கவே முக்கால் மணி நேரம் ஆயிற்று.

நடந்து முடிந்த ஒன்றை மனம் அதன் உச்சத்தையும் முடிவையும் வைத்தே எடைபோடுகிறது என்பதை உளவியலாளர் டேனியல் கானமனும் உடனிருந்தவர்களும் 1990களில் பல சோதனைகளில் காட்டினார்கள். மொத்தம் எவ்வளவு நேரம் என்பது வியக்கத்தக்க அளவுக்குக் கணக்கில் வருவதில்லை. 6 மணிக்குக் கிளம்பியிருந்தால் மகளின் முதல் இருக்கையே அந்த நாளின் முடிவாக இருந்திருக்கும். இரண்டு மணி நேரத்தை மிச்சம் பிடிப்பதாக நினைத்து, கணவருக்கும் அம்மாவுக்கும் அந்த நாளின் கடைசிப் பக்கத்தை நானே மாற்றி எழுதிவிட்டேன்.

ஆறு மாதம் கழித்து

மகள் சொன்னது முதல் இருக்கையும், அதே கோஸ்டரில் என்னோடு மறுபடி ஏறியதும். உயரம் போதாத பிள்ளையோடு வருகிற பெற்றோர் இருவரும் மாறி மாறி ஏற, ஒரே தடவை வரிசையில் நின்றால் போதும் என்ற ஏற்பாடு பல பூங்காக்களில் உண்டு. வாசலில் நிற்கும் ஊழியரிடம் கேட்டால் சொல்வார்கள். அப்பாவோடு ஒருமுறை, அம்மாவோடு ஒருமுறை என்று மூத்த பிள்ளைக்கு இரண்டு முறை கிடைத்துவிடும். தம்பிக்கு உயரம் போதாததால் அவளுக்குக் கிடைத்த லாபம் அது.

மகன் சொன்னது ரயில். மூன்றாம் சுற்றில் ஓட்டுநர் அவனை மணி அடிக்க விட்டார். அளவுகோலையும் சொன்னான், ஆனால் அழுததைச் சொல்லவில்லை. "நான் இன்னும் கொஞ்சம் வளரணும்" என்றான். ஒளிக்காட்சி அவன் நினைவில் இல்லவே இல்லை. ஐந்து வயதில் நடந்ததில் கொஞ்சமாவது தங்கும் என்று நம்பலாம். மூன்று வயதுக்கு முன் நடந்தவை வளர்ந்த பிறகு ஏறக்குறைய யாருக்கும் தங்குவதில்லை. பல பூங்காக்கள் மூன்று வயதுக்குக் கீழே கட்டணம் வாங்குவதில்லை. அந்த வயதில் அழைத்துப் போவது பெற்றோரின் சந்தோஷத்துக்காக. அதில் குறையொன்றும் இல்லை, ஆனால் பிள்ளைக்காக என்று நினைத்துக் கடன் வாங்கிக்கொண்டு போக வேண்டாம்.

அம்மா ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்: "ரயில் நல்லா இருந்துச்சு. ரெண்டு மணிக்கே கிளம்பியிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும். நான் இல்லேன்னா சின்னவனை யார் பார்த்திருப்பா, அதுக்காகத்தான் உட்கார்ந்திருந்தேன்." அவர் டிக்கெட்டின் 9ஐ நான் ரைடுகளால் வகுத்தது தப்பு என்று அப்போது புரிந்தது. கணவரும் மகளும் நிம்மதியாக எட்டு முறை ஏறியதன் ஒரு பகுதி அந்த 9இல் இருக்கிறது. நான் ஐந்து முறை ஏறியதும் அதில்தான்.

மறுமுறை

கொடுத்த காசுக்கு அந்த நாள் தகுமா? மாலை 5:40 வரை தகும் என்பது என் தீர்ப்பு. மகளுக்குச் சந்தேகமில்லாமல். மகனுக்கு நான் நினைத்ததைவிட அதிகமாக. அம்மாவுக்கு மதியம் 2 மணி வரை.

அப்படியானால் பிரிந்து போகலாமே என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். கணவரும் மகளும் மட்டும் போனால் டிக்கெட் 18, விரைவுச் சீட்டு 12, பயணம் 18, சாப்பாடு 6, ஆக 54. மற்ற மூவரும் வேறொரு நாள் போனால் டிக்கெட் 27, பயணம் 18, சாப்பாடு 10, ஆக 55. பொம்மையும் புகைப்படமும் இல்லாமலே 109. சேர்ந்து போனதைவிட அதிகம், ஏனென்றால் பயணச் செலவு இரண்டு முறை விழுகிறது. பூங்கா பக்கத்திலேயே இருக்கும் குடும்பத்துக்குக் கணக்கு மாறும். ஆண்டுச் சீட்டு எடுத்துவிட்டால் இன்றைக்கே எல்லாவற்றையும் பிழிந்தெடுக்க வேண்டும் என்ற அவசரம் போய்விடும், மகன் சோர்ந்ததும் கிளம்பிவிடலாம். எங்களுக்கு அது தூரம்.

காத்திருக்கலாம் என்றால் அதற்கும் விலை இருக்கிறது. கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டு வருகிறோம். போன வாரம் வெறுங்காலோடு 111.5. இன்னும் பல பெரிய ரைடுகளுக்கு 122 வேண்டும். அவன் அதைத் தொடும்போது மகளுக்குப் பதின்மூன்றோ பதினான்கோ ஆகிவிடும், எங்களோடு வர அவளுக்கு ஆசை இருக்குமா தெரியவில்லை. ஆறு வயது வித்தியாசத்தில் பிறந்த இரண்டு பிள்ளைகளும் ஒரே ரைடில் ஒரே ஆசையோடு உட்காரும் காலம் ஒன்றிரண்டு வருடம்தான்.

அதனால் 112ஐ நன்றாகத் தாண்டியதும் போகிறோம், ஐந்து பேரும். காலை திறக்கும்போதே மகனும் அம்மாவும் ரயிலில் இருப்பார்கள். அதே நாளில் வெளியே போய்த் திரும்பி வர அனுமதி உண்டா என்பதை டிக்கெட் வாங்கும் முன்பே விசாரித்துக்கொள்வேன். மதியம் இரண்டு மணிக்கு நானும் அம்மாவும் மகனும் வெளியே வந்து படுத்துவிடுவோம். மற்ற இருவரும் எப்போது வருவது என்பதை மகள் முடிவு செய்வாள். ஒளிக்காட்சிக்கு நான் இருக்கப் போவதில்லை. அம்மா ஒரு நிபந்தனை மட்டும் போட்டிருக்கிறார்: மணி அடிக்க விட்ட அந்த ஓட்டுநரின் ரயிலில்தான் முதலில் ஏற வேண்டுமாம்.